அச்சகத்துக்கு ஒரு சாம்பா சர்வர்

திருவல்லிக்கேணியில் மாமாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் இரண்டும்தான் முக்கிய வேலை. ஐந்து கம்ப்யூட்டருக்கும் ஒரே பென் டிரைவ் கை மாறிக்கொண்டிருந்தது. போன தை மாதம் திருத்திய ஃபைல் டிசைன் போடும் அக்காவின் மெஷினிலேயே தங்கிவிட, திருத்தாதது அச்சுக்குப் போய்விட்டது. ஒன்பதரை முகூர்த்தம் ஏழரை என்று 400 பத்திரிகையில் ஏறி, எங்களுக்கே ஏழரையாகிவிட்டது. "நீதானேடா கம்ப்யூட்டர் படிச்சவன், ஏதாவது பண்ணு" என்றார் மாமா.

பண்ணியது இதுதான். ஐந்து மெஷினுக்கும் பொதுவாக ஃபைல் வைக்க, ஓரமாகக் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸும் சாம்பாவும். 4 ஜிபி ராம் இந்த வேலைக்குத் தாராளம். சாம்பா என்பது விண்டோஸ் ஃபைல் பகிர்வதற்குப் பேசும் எஸ்எம்பி மொழியை லினக்ஸுக்கும் பேசத் தரும் இலவச மென்பொருள். 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது.

முதலில் கேபிளைப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டியும் 2 ஜிபி ஃப்ளெக்ஸ் ஃபைல் போய்ச் சேர மூன்று நிமிடம் ஆனது. சாம்பாவைத்தான் ஒரு நாள் முழுக்கத் திட்டினேன். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முன்பு கேபிள் இழுத்தவர் எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருந்தார். நான்கு கம்பியில் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது. எட்டையும் சேர்த்து கிரிம்ப் செய்ததும் அதே ஃபைல் இருபது நொடி சொச்சத்தில் போனது.

ரவுட்டரில் சர்வருக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள், எங்களுடையது 192.168.1.50. சாம்பாவை நிறுவ ஆப்ட் கட்டளை ஒரு வரி, அவ்வளவுதான். அமைப்பெல்லாம் எஸ்எம்பி டாட் கான்ஃப் என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை மாற்றியதும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டினால் எழுத்துப் பிழையைக் காட்டிவிடும். அப்புறம்தான் எஸ்எம்பிடி-யை, அதாவது பின்னணியில் ஓடும் சாம்பா சர்வீஸை, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் அனுமதிதான். இதை இரண்டு கதவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவு சாம்பாவுடையது, உள் கதவு லினக்ஸுடையது. கான்ஃப் ஃபைலில் 'ரீட் ஒன்லி'க்கு 'நோ' போட்டால் வாசல் திறக்கும். ஆனால் பகிரும் ஃபோல்டர் ரூட் (லினக்ஸின் அட்மின்) பெயரில் இருந்தால் உள்ளே போய் எதையும் சேமிக்க முடியாது. அதனால் 'அச்சகம்' என்று ஒரு குரூப் உருவாக்கி, ஐந்து பேரையும் அதில் சேர்த்தேன். ஃபோல்டரை அந்த குரூப் பெயருக்கு மாற்றி, அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையில் 2770 என்று கொடுத்தேன். முன்னால் இருக்கும் அந்த 2-ஐ விடாதீர்கள். உள்ளே உருவாகும் ஃபைல்களும் அதே குரூப்பில் வருவது அதனால்தான். சாம்பா பக்கம் 'வேலிட் யூசர்ஸ்' வரியில் அதே குரூப், புது ஃபைலின் அனுமதிக்கு 'கிரியேட் மாஸ்க்' 0660, புது ஃபோல்டருக்கு 'டைரக்டரி மாஸ்க்' 2770. மாஸ்க்கை விட்டுவிட்டால் அக்கா சேமித்ததை அச்சு மெஷின் பையனால் திறக்க முடியும், திருத்த முடியாது.

பாஸ்வேர்டும் தனி. லினக்ஸில் ஆளை உருவாக்கியது போதாது. எஸ்எம்பிபாஸ்வேர்ட் (smbpasswd) கட்டளையில் '-ஏ' (-a) சேர்த்து சாம்பாவுக்கும் ஒரு பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு, பிறகு ஐபி. லாகின் ஆனதும் இசட் டிரைவாக மேப் செய்துவிடலாம். ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் உள்ளே போக விண்டோஸ் விடாது. உங்கள் பெயரில் சோதித்துவிட்டு அக்கா பெயரில் நுழையப் பார்த்தால் முரண்டு பிடிக்கும்; லாக் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், 'கு' போல உயிர்மெய் என்றால் குறியும் சேர்ந்து ஆறு. மாப்பிள்ளை, பெண், இரு வீட்டார், மண்டபம் என்று அக்கா பத்திரிகையையே ஃபைல் பெயராக வைப்பார். அவர் மெஷினில் அது சேவ் ஆகும், சர்வருக்கு வராது. இப்போது தேதியும் மாப்பிள்ளை பெயரும் மட்டும்.

தெரியாமல் அழிப்பதற்கு 'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்' வரியில் 'ரீசைக்கிள்' சேர்த்தால், அழித்தது தனி ஃபோல்டருக்குப் போகும். ஆனால் அதே பெயரில் மேலெழுதிய பழைய ஃபைலை அது காப்பாற்றாது. அதற்காக ராத்திரி 11 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுக்கிறது, கிழமைக்கு ஒரு ஃபோல்டராக.

வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டரில் எஸ்எம்பி-யின் 445-ஆம் போர்ட்டை வெளியே திறந்துவிடாதீர்கள். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி வழியாகத்தான். 'ஹோஸ்ட்ஸ் அலவ்' வரியில் உள் நெட்வொர்க்கை மட்டும் போடுங்கள். பழைய எஸ்எம்பி1 பக்கமே போக வேண்டாம், 4.11 பதிப்பிலிருந்து சாம்பாவே அதை அணைத்துத்தான் தருகிறது.

கரன்ட் போய் வரும் ஊர், யூபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் மிக்ஜாமையும் பார்த்த மாமா, நான் சொல்வதற்கு முன்பே பரணில் இடம் ஒதுக்கிவிட்டார். அங்கே சூடு அதிகம் என்பதால் மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி ஃபேனில் தூசு தட்டுகிறேன்.