ஜிஎச்3 செல்லில் கால்சியம் மின்னோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வந்தவை ஜிஎச்3 செல்கள். வளர்ச்சி ஹார்மோனையும் புரோலாக்டினையும் சுரக்கும். தனியாக இருக்கும்போது உருண்டையாக இருக்கும், வளர்ப்பதும் கடினமில்லை. பேட்ச் கிளாம்ப் (நுண்ணிய கண்ணாடிக் குழாயான பைப்பெட்டைச் செல்லின் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் முறை) பழக நல்ல செல்தான். ஆனால் கால்சியம் சேனலை (கால்சியம் அயனி செல்லுக்குள் நுழையும் சவ்வு வாயிலை) அளக்கப் போகிறவர்கள் இதில் சறுக்கும் இடங்கள் நிறைய.

திரையில் கோடு கீழே இறங்கியதுமே (உள்நோக்கிய மின்னோட்டம் அப்படித்தான் தெரியும்) அது கால்சியம் என்று நம்பிவிடுவது முதல் சறுக்கல். இந்தச் செல்லில் சோடியம், பொட்டாசியம் சேனல்களும் தாராளமாக உண்டு. அதனால்தான் பைப்பெட்டில் பொட்டாசியத்துக்குப் பதில் சீசியமும், வெளியே சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்சினும் பொட்டாசியம் சேனலை அடைக்கும் டிஇஏவும் சேர்க்கிறோம். அதோடு விடாமல், கடைசியில் கால்சியம் சேனலை அடைக்கும் காட்மியத்தை 200 மைக்ரோமோலார் விட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாத தரவை நான் பாதிதான் நம்புவேன்.

கால்சியத்துக்குப் பதில் பேரியம் போடும் வழக்கம் இருக்கிறது. எல் வகைக் கால்சியம் சேனலில் (அதிக மின்னழுத்தத்தில் திறப்பது) மின்னோட்டம் பெரிதாகக் கிடைக்கும், பொட்டாசியம் சேனல்களும் அடைபடும். சரி, ஆனால் கால்சியத்தால் வரும் செயலிழப்பு (திறந்த சேனல் தானாக அடைபடுவது) பேரியத்தில் பெரும்பாலும் காணாமல் போகும். சேனல் திறக்கும் மின்னழுத்தமும் எதிர்மறைப் பக்கமாக நகரும். பேரியத்தில் எடுத்த வளைவையும் கால்சியத்தில் எடுத்ததையும் ஒரே படத்தில் ஒப்பிடுவது வீண் வேலை. கரைசலில் சல்பேட் இருந்தால் பேரியம் வீழ்படிவாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது, செல்லை எந்த மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கிறோம் என்பது. 1985-ல் ஆம்ஸ்ட்ராங்கும் மேட்டிசனும் ஜிஎச்3 செல்லிலேயே இரண்டு வகைக் கால்சியம் சேனல்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்று எல் வகை, மற்றொன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே திறக்கும் டி வகை. −40 மில்லிவோல்ட்டில் பிடித்தால் டி வகை ஏறக்குறைய முழுவதும் செயலிழந்துவிடும். அதைப் பார்த்து ‘இங்கே டி வகையே இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. இன்னொரு பக்கம், −90-இல் எடுத்ததிலிருந்து −40-இல் எடுத்ததைக் கழித்து, மிச்சமெல்லாம் டி என்பதும் தவறு. −40-இல் எல் வகையும் கொஞ்சம் இழந்திருக்கும். இதைவிட, துடிப்பு முடிந்தபின் வரும் வால் மின்னோட்டத்தைப் பார்ப்பது நல்லது: டி மெதுவாக மூடும், எல் ஒரு மில்லிவினாடிக்குள் மூடிவிடும். ஆனால் இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டரை 1 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் அந்த வேகமான வாலின் உருவமே சிதைந்துவிடும்.

எல் வகையை அடைக்கும் மருந்தான நிஃபெடிபினிலும் இதே சிக்கல். −90-இல் பிடித்த செல்லில் அது பலவீனமாகத்தான் அடைக்கும். வெளிச்சத்தில் வேறு கெட்டுப்போகும். ‘நிஃபெடிபினுக்கு மசியவில்லை, ஆகவே எல் இல்லை’ என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

இருப்பதிலேயே மோசமானது ரன்டவுன், அதாவது மின்னோட்டம் தானாகவே சரிந்துகொண்டே போவது. முழுச்செல் பதிவில் (பைப்பெட்டின் கீழுள்ள சவ்வைக் கிழித்து அளப்பதில்) செல்லுக்குள் இருப்பதெல்லாம் பைப்பெட்டுக்குள் கரைந்து போகிறது. எல் மின்னோட்டம் சில நிமிடங்களில் சரியத் தொடங்கும். டி அவ்வளவு சீக்கிரம் சரியாது. அந்த நேரத்தில் எந்த மருந்தை ஊற்றினாலும் அது தடுப்பான் மாதிரியே தெரியும்! மெக்னீசியம் ஏடிபி (ATP), ஜிடிபி (GTP), கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ போதிய அளவு, மூன்றும் பைப்பெட்டில் இருந்தால் சரிவு தணியும், நிற்காது. அதனால் 10 வினாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்து, மின்னோட்டம் நிலையான பிறகே மருந்து. கழுவியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து இல்லாமல், அதைக் கரைத்த திரவத்தை மட்டும் விட்ட செல்களும் தேவை. சோமாடோஸ்டாட்டின் போன்ற ஹார்மோன்கள் ஜிடிபியை நம்பியிருக்கும் ஜி புரதம் வழியாக வேலை செய்வதால், ஜிடிபி இல்லாத பைப்பெட்டில் அவற்றின் விளைவு மங்கிப்போகலாம். இதற்கெல்லாம் துளைத்த பேட்ச் முறை (சவ்வைக் கிழிக்காமல் நுண்துளைகள் மட்டும் போடுவது) மேல். நேரம் பிடிக்கும், பொறுமையும் வேண்டும்.

எண்களில் வரும் பிழைகள் சத்தமில்லாதவை. பைப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான தொடர் மின்தடை 10 மெகாஓமாக இருக்கையில் 500 பிகோஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட் பிழை. சேனல் திறக்கும் வளைவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை. சீசியம் குளுக்கோனேட் பைப்பெட்டில் திரவச் சந்திப்பு மின்னழுத்தம் (இரு வேறு கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் உருவாவது) 10 மில்லிவோல்ட்டைத் தாண்டலாம். திரையில் −80 என்று தெரிவது உண்மையில் −90-க்கும் கீழே இருக்கும். இந்தத் திருத்தத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

வெளியே 10 மில்லிமோலார், உள்ளே 100 நானோமோலார் கால்சியம் என்றால் நெர்ன்ஸ்ட் கணக்குப்படி (இரு பக்கச் செறிவிலிருந்து மின்னோட்டம் நிற்கும் மின்னழுத்தத்தைச் சொல்லும் சூத்திரம்) சமநிலை சுமார் +145 மில்லிவோல்ட். அளந்தால் மின்னோட்டம் திசை மாறுவது அதற்கு வெகு முன்னாலேயே. அதே சேனல் வழியாகச் சீசியம் வெளியேறுவதுதான் காரணம். 145-ஐச் சூத்திரத்தில் போட்டுக் கடத்துதிறன் கணக்கிட்டால் வளைவு கோணிவிடும். வால் மின்னோட்டத்தை ஒரே மின்னழுத்தத்தில் அளந்து வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், கூட்டமாக ஒட்டியிருக்கும் செல்லைத் தொடாதீர்கள். இடைவெளிச் சந்திப்பு (இரு செல்களை இணைக்கும் நுண்வழி) வழியாகப் பக்கத்துச் செல்லும் சேர்ந்து பேசும். தனித்து நிற்கும் உருண்டைச் செல்லைப் பிடித்து, அதன் மின்கொண்மத்தையும் (சவ்வின் பரப்பைக் காட்டும் அளவு) குறித்து, மின்னோட்டத்தை ஒரு பிகோஃபாரடுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். எத்தனையாவது பேசேஜ் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த தடவை) என்பதையும் பக்கத்திலேயே குறிப்பது நல்லது, ஏனென்றால் வளர்க்க வளர்க்கச் சேனல்களின் அளவு மாறக்கூடும்.