ப்ரோகிராமாட்டிக் எஸ்இஓ: டேட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டெம்ப்ளேட், ஒரு அட்டவணை, வரிசைக்கு ஒரு பக்கம். கூகுள் போன்ற தேடல்களில் வரும்படி பக்கங்களை மொத்தமாகத் தானியங்கியாக உருவாக்கும் ப்ரோகிராமாட்டிக் எஸ்இஓ அவ்வளவுதான். இதில் இறங்குகிறவர்கள் டெம்ப்ளேட்டுக்கும் கீவேர்டு (தேடல் சொல்) பட்டியலுக்கும் வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். டேட்டாவை மட்டும் எங்கிருந்தோ ஒரு சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக இறக்கிக்கொள்வார்கள். ஆனால் வாசகர் தேடி வருவது அந்த வரிசையில் இருக்கும் விஷயத்தைத்தான். அதில் சரக்கு இல்லாவிட்டால் டெம்ப்ளேட் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

பெரிய தவறு, எல்லோர் கையிலும் இருக்கும் டேட்டாவை அப்படியே பக்கமாக்குவது. விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கிடேட்டா, நிபந்தனை ஏதுமற்ற சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கிறது, தாராளமாக எடுக்கலாம். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது மற்றவர்களுக்கும் கிடைக்கும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பத்தியைப் பத்தாயிரம் தடவை வெளியிட்டால், கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் கொள்கையில் சேர்த்த விதிக்குள் நேராகப் போய் விழுவீர்கள். தேடல் தரவரிசைக்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பது விதிமீறல். எழுதியது மனிதரா இயந்திரமா என்பது அங்கே கணக்கில்லை. பணம் அனுப்பும் சேவையான வைஸின் நாணய மாற்றுப் பக்கங்களும், செயலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாப்பியரின் இணைப்புப் பக்கங்களும் நிற்கக் காரணம், அவற்றின் டேட்டா அந்தந்தத் தொழிலிலிருந்தே வருவது. சொந்த டேட்டா இல்லாதவர்கள் இரண்டு பொது மூலங்களை இணைத்து, எதிலும் நேரடியாக இல்லாத ஒன்றைக் கணக்கிட்டுத் தரலாம்: தூரம், வித்தியாசம், தரவரிசை, ஆண்டுக்கு ஆண்டு மாற்றம்.

அடுத்தது உரிமம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அல்ல. பொது வரைபடத் திட்டமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டேட்டாவுக்கு மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து புதிய டேட்டாபேஸ் செய்து பொதுவில் பயன்படுத்தினால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ஸ்க்ரேப்பிங் (மற்றவர் தளத்திலிருந்து நிரல் கொண்டு டேட்டாவை உருவுவது) பற்றிப் பேசும்போது பலரும், லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து டேட்டா எடுத்த ஹைக்யூ நிறுவனத்தின் வழக்கை இழுப்பார்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுவில் கிடைக்கும் டேட்டாவை எடுப்பது கணினி மோசடிச் சட்டத்தை மீறாமல் இருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது உண்மை. அதே ஆண்டு நவம்பரில் ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்ததை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூலம், உரிமம், எடுத்த தேதி என்று மூன்று நெடுவரிசைகள் வைத்துவிடுங்கள். பிற்பாடு ஒரு மூலத்தை மொத்தமாக நீக்க நேர்ந்தால் அவைதான் கைகொடுக்கும்.

சுத்தம் செய்யும் இடத்தில்தான் சத்தமில்லாமல் சேதம் நடக்கிறது. எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும், 15 இலக்கங்களுக்கு மேல் உள்ள எண்ணைச் சிதைக்கும், சில பெயர்களைத் தேதியாக மாற்றும். இந்தத் தொல்லையால் 2020-இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று! அதே ஆண்டு இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை வரம்பில் முட்டி, ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் வராமல் போயின. குறியீடுகளை எண்ணாக அல்லாமல் உரையாகவே இறக்குங்கள். இறக்குவதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக்குவது இன்னொரு வழக்கம். 'தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. இடக் குறியீடு (அட்சரேகை, தீர்க்கரேகை) இல்லாத வரிசைகளுக்கு 0,0 போட்டால் அத்தனையும் ஆப்பிரிக்காவுக்கு அருகே கடலில் போய் நிற்கும். காலிக் கட்டங்களை ஏஐ கொண்டு நிரப்புவது அதைவிட மோசம். கடலில் நிற்கும் கடையையாவது கண்டுபிடித்துவிடலாம், நம்பும்படி இருக்கும் பொய் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு வேறு வேறு. ஒரே ஊருக்கு இரண்டு பக்கங்கள் முளைத்துவிடும். யூனிகோடை என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்கும் வடிவம்) மாற்றிய பிறகே டூப்ளிகேட் தேடுங்கள். பெயரை அடையாளமாகக் கொள்ளாமல், மாறாத ஒரு ஐடி கொடுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. டேட்டா மாறாமலே சைட்மேப்பில் (தேடுபொறிக்குத் தரும் பக்க முகவரிப் பட்டியல்) திருத்திய தேதியைத் தினமும் புதுப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேதி நம்பகமாக இருந்தால்தான் கூகுள் அதைப் பயன்படுத்தும். மூலத்தில் மறைந்துபோன வரிசையின் பக்கத்தை முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். பொருத்தமான மாற்றுப் பக்கம் இருந்தால் அங்கே திருப்பிவிடும் 301, இல்லையென்றால் பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 போதும்.

எல்லா வரிசைகளையும் ஒரே நாளில் வெளியிடவும் தேவையில்லை. எத்தனை கட்டங்கள் நிரம்பியிருந்தால் ஒரு வரிசை பக்கமாகலாம் என்று முதலில் ஓர் அளவு வையுங்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை போடலாம். ஆனாலும் டேட்டா நிறைந்தவை, குறைந்தவை என்று பிரித்துப் போடுவது நல்லது. எந்தக் குவியல் 'கிரால் செய்யப்பட்டது, இன்டெக்ஸ் ஆகவில்லை' (கூகுள் வந்து படித்தது, தேடலில் சேர்க்கவில்லை) என்ற நிலையில் தேங்குகிறது என்று, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் தனித்தனியாகப் பார்க்கலாம். டேட்டா குறைந்த குவியல் அங்கே தேங்கினால், டெம்ப்ளேட்டைத் திருத்துவதற்கு முன் அந்த வரிசைகளை நிரப்ப வழி தேடுங்கள். வழியில்லை என்றால் விலக்கிவிடுங்கள்.