பணயக்கைதிக் கதையில் விமானந்தாங்கிக் கப்பல்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூதரகத்தில் பணயக்கைதிகள், கடலில் விமானந்தாங்கிக் கப்பல், விடிவதற்குள் மீட்பு. அரசியல் திகில் கதைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரிசை இது. கப்பல் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எழுதுகிறவரே நம்பிவிடுவதால்தான் இத்தகைய கதைகள் பாதியில் படுத்துவிடுகின்றன.

கப்பலைத் தனியாக அனுப்பாதீர்கள். அதைச் சுற்றி ஏவுகணை தாங்கிய டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்கள் காவல் வரும். பெரும்பாலும் நீர்மூழ்கி ஒன்றும் உடன் இருக்கும். கப்பலே அணுசக்தியில் ஓடினாலும் அதிலுள்ள விமானங்களுக்கும் காவல் கப்பல்களுக்கும் எரிபொருள் வேண்டும்.

ஒரே இரவில் கொண்டுவந்து நிறுத்தவும் வேண்டாம். 30 நாட் (knot, கப்பல் வேகத்தின் அளவு) வேகம் என்பது மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். இடைவிடாமல் ஓடினாலும் ஒரு நாளில் 1,300 கிலோமீட்டர்தான். பேச்சுவார்த்தை, மிரட்டல், பேரம் எல்லாம் நடக்க, கப்பல் வந்துசேர ஆகும் அந்த நாட்கள் உங்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றை ஏன் வீணடிக்க வேண்டும்?

பெரிய தவறு, போர் விமானங்களைக் கொண்டே மீட்பை முடிப்பது. ஜெட் விமானம் கட்டடத்தைத் தகர்க்கும்; உள்ளே அடைபட்டிருப்பவரை வெளியே கூட்டி வராது. 1980 ஏப்ரலில் ஈரானில் சிறைப்பட்ட அமெரிக்கர்களை மீட்க நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பின. தொடர்ந்து செல்லக் குறைந்தது 6 தேவை. சுழல் இறகில் கோளாறு என்ற எச்சரிக்கை வரவே ஒன்று வழியிலேயே கைவிடப்பட்டது. புழுதிப் படலத்தில் திணறிய இன்னொன்று கப்பலுக்கே திரும்பியது. பாலைவனத்தில் இறங்கிய மூன்றாவதில் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பில் பழுது. மிஞ்சியவை 5. திட்டம் கைவிடப்பட்டுத் திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கற்பனையில் இப்படி எழுதினால் மிகை என்று பதிப்பாசிரியர் அடித்துவிடுவார்!

கைதிகள் இருக்குமிடம் தெரியும் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். 1975இல் கம்போடியப் படையினர் மாயாகெஸ் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தபோது, மாலுமிகளை மீட்க அமெரிக்க மரீன்கள் கோ டாங் தீவில் இறங்கிக் கடும் சண்டையில் சிக்கினார்கள். மாலுமிகள் அங்கே இல்லவே இல்லை.

அடுத்து, கேப்டன் தானே முடிவெடுத்துத் தாக்குவது. கேப்டனின் பொறுப்பு அந்தக் கப்பல். முழு அணியும் அதே கப்பலில் இருக்கும் அட்மிரலின் பொறுப்பு. அவரும் தலைநகரின் உத்தரவுக்குக் காத்திருப்பவர்தான். நட்பு நாடுகளையும் மறக்கக் கூடாது. 1985இல் அகில்லே லாரோ பயணிகள் கப்பலைக் கடத்தியவர்கள் ஏறிச்சென்ற எகிப்திய விமானத்தை, அமெரிக்காவின் சரடோகா விமானந்தாங்கிக் கப்பலின் எஃப்-14 போர் விமானங்கள் மடக்கி இத்தாலியின் சிகொனெல்லா தளத்தில் இறக்கின. அங்கே அதைச் சூழ்ந்த அமெரிக்கச் சிறப்புப் படையினரை இத்தாலியப் படையினர் சூழ்ந்துகொண்டார்கள். கடைசியில் கடத்தல்காரர்கள் இத்தாலியின் கைக்குத்தான் போனார்கள். என்னைக் கேட்டால், குண்டுவீச்சைவிட இந்த முறைப்புதான் நாவலுக்கு ஏற்ற கட்டம்.

பொடி விஷயம் ஒன்று. விமானங்கள் கிளம்பும் தளத்தில் நாயகர்களை நின்று பேசவைக்காதீர்கள். காதுக் கவசமின்றி அங்கே நிற்கவே முடியாது. வேலை நடப்பது கைச்சைகையில். யார் என்ன வேலை என்பதைச் சட்டை நிறம் சொல்லும். விமானத்தை வழிநடத்துபவர் மஞ்சள், எரிபொருள் நிரப்புபவர் ஊதா, குண்டு பொருத்துபவர் சிவப்பு.