அனிமே சண்டையை உருப்படியாகப் போடுவது எப்படி?

எங்கள் செட்டில் ஆறு பேர். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்க்கச் சனிக்கிழமை ராத்திரி கும்பகோணத்தில் ஒருவன் வீட்டு மாடி அறையில் கூடுவோம், மயிலாடுதுறைக்காரன் மட்டும் வேலை முடிந்து பஸ் பிடித்து ஒன்பதரைக்கு வந்து சேருவான். 'அட்டாக் ஆன் டைட்டன்' கடைசி சீசனைப் பார்த்த புதிதில் அந்த மாடியில் ஒரு சண்டை வந்தது. ஒருத்தன் "ஆர்ட்டே போச்சு" என்றான், இன்னொருத்தன் "ஹீரோ எரனை எவ்வளவு அருமையா எழுதியிருக்காங்க, உனக்குப் புரியல" என்றான். ரெண்டு பேரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தன் வரைந்த விதத்தைப் பற்றிப் பேசினான், மற்றவன் கதையைப் பற்றிப் பேசினான், ரெண்டும் வேற வேற சண்டை என்பது எங்களில் யாருக்குமே அன்றைக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறம் நாங்கள் சில பழக்கங்களைக் கடைப்பிடிக்க ஆரம்பித்தோம். உங்கள் செட்டுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வாயைத் திறப்பதற்கு முன்னால், யார் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அனிமேக்கு மூலமான மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, படித்து முடித்தவன் ஒருத்தன் இருந்தால் அவன் நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

அடுத்தது, எந்தச் சீன் என்று சொல்லச் சொல்லுங்கள். "அந்தக் கேரக்டரை நாசம் பண்ணிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் "எங்கே?" என்று கேளுங்கள். சீனைப் போட்டுக் காட்ட முடியவில்லை என்றால் அந்தப் பேச்சைத் தள்ளி வையுங்கள். மூன்று நிமிஷச் சீனை எல்லாரும் சேர்ந்து மறுபடி பார்த்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும், ஏனென்றால் நம் ஞாபகத்தில் இருப்பது பெரும்பாலும் சீன் கிடையாது, அன்றைக்கு நமக்கு வந்த கோபம்தான்.

ஆர்ட் வேறு, அனிமேஷன் வேறு. இதைப் பிரிக்காமல் பேசினால் விடிய விடியப் பேசலாம். கோட்டின் தடிமன், கண்ணின் அளவு, நிறம், நிழல் எல்லாம் ஆர்ட். அது எப்படி அசைகிறது என்பது அனிமேஷன். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும், ஆனால் டிவி அனிமேயில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப் படம் வரைய மாட்டார்கள், ஒரே படத்தை இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள், ஆகவே நொடிக்கு 12 அல்லது 8 படம்தான் கணக்கு. 'ஒன் பன்ச் மேன்' முதல் சீசனை 2015ல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ செய்தது, இரண்டாவதை 2019ல் ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டுடியோ செய்தது. கேரக்டர் டிசைனில் சிகாஷி குபோட்டா இரண்டிலுமே இருந்தார். அப்படியிருந்தும் இரண்டாவது சீசன் சண்டைகள் சப்பென்று இருக்கின்றன என்று எங்கள் செட்டில் எல்லாரும் சொன்னோம். இதை "ஆர்ட் மோசம்" என்று சொல்லக் கூடாது, அசைவில் இருக்கிற குறை அது. சரியான பெயரைச் சொன்னால் எதிராளி ஒத்துக்கொள்வதற்கும் ஒரு வழி இருக்கும்.

ஸ்க்ரீன்ஷாட் விஷயம் எனக்கு நிஜமாகவே கோபம் வரவழைக்கிற விஷயம். ஓடுகிற காட்சியை நடுவில் நிறுத்தி, கோணலான ஒரு முகத்தைப் பிடித்து, "பாரு, இதுவா அனிமேஷன்" என்று காட்டுவது அநியாயம். 'நருட்டோ ஷிப்புடென்' 167வது எபிசோடில் பெயின் என்ற வில்லனோடு நடக்கிற சண்டையைத்தான் இப்படி அதிகமாகக் கிண்டலடித்தார்கள். ரப்பர் மாதிரி இழுபடுகிற முகங்கள், வளைந்து போகிற கைகால்கள். நிறுத்தாமல் ஓட விட்டுப் பாருங்கள், அந்த இழுவைதான் அடியின் வேகத்தையும் கனத்தையும் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. பிடிக்காமல் போகலாம், அது உங்கள் உரிமை, ஆனால் வரையத் தெரியாமல் வரைந்தது என்று சொல்லாதீர்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தவன் கவின்கலைக் கல்லூரியில் படித்த எங்கள் செட்டுப் பையன். சுவாமிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெண்கலச் சிலை வார்க்கிற ஒரு பட்டறையைக் காட்டினான். ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று மடிப்பிலேயே அளவை வைத்திருந்தார், மெழுகில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஓலையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார். அனிமேயில் அந்த ஓலையின் இடத்தில் இருப்பது மாடல் ஷீட். கேரக்டர் நேரே பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, கோபத்தில் எப்படி என்று வரைந்து எல்லா அனிமேட்டருக்கும் கொடுத்துவிடுவார்கள். அதை விட்டு விலகினால் ஆஃப் மாடல். வேண்டுமென்று விலகியதா, நேரமில்லாமல் விலகியதா என்று கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருக்கிற வழி இது: அசைவு தொடங்குகிற படமும் முடிகிற படமும் உறுதியாக இருந்து நடுவில் மட்டும் இழுபட்டால் அது பெரும்பாலும் தெரிந்து செய்தது. சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற ஆளின் ரெண்டு கண்ணும் ரெண்டு உயரத்தில் இருந்தால், அங்கே யாருக்கோ தூங்க நேரம் கிடைக்கவில்லை.

அடுத்து, புகாரை உரிய ஆளிடம் கொண்டு போங்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' மங்காவை 2009 முதல் 2021 வரை எழுதி வரைந்தவர் ஹஜிமே இசயாமா. அனிமேயின் முதல் மூன்று சீசன் விட் ஸ்டுடியோ, 2020 டிசம்பரில் தொடங்கிய கடைசி சீசன் மாப்பா ஸ்டுடியோ. கேரக்டர் டிசைனர் கியோஜி அசானோ போய் டோமோஹிரோ கிஷி வந்தார், டைரக்டரும் மாறினார். விட் போட்ட தடித்த வெளிக்கோடு போய்விட்டது, அது உண்மை. அதே சமயம் கதையிலும் நாலு வருஷம் ஓடிவிட்டது, களம் மதிலுக்குள்ளிருந்து மார்லி என்ற எதிரி நாட்டுக்குப் போய்விட்டது. எரனின் கண்ணில் ஒளி இல்லாததற்கு மாப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் மங்காவில் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் அவன் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஸ்டுடியோ மாறினாலே கெட்டுப்போச்சு என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு நான் தஞ்சாவூர் பெரிய கோயிலைத்தான் சொல்வேன். கருவறையைச் சுற்றியுள்ள பாதையின் சுவரில் நாயக்கர் கால ஓவியம் இருந்தது, அதற்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தைச் சில இடங்களில் சேதமில்லாமல் பிரித்தெடுத்துத் தனியாகப் பதித்து வைத்தார்கள், இதுவும் வேண்டும் அதுவும் வேண்டும் என்று. உள்ளே எல்லாரையும் விடுவதில்லை, படங்களாவது பாருங்கள். ஒரே சுவர், ரெண்டு கை. சோழர் கோடு எனக்கு உயிர், அதற்காக நாயக்கர் ஓவியனுக்கு வரையத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

இனி கேரக்டர் எழுத்து. பிடித்த கேரக்டரும் நன்றாக எழுதப்பட்ட கேரக்டரும் ஒன்றல்ல. மூன்று கேள்வி கேளுங்கள்: அவனுக்கு என்ன வேண்டும், அதற்கு என்ன விலை கொடுக்கிறான், மாறுகிறான் என்றால் மாறுவதற்கு முந்தைய படிகள் நம் கண்ணில் பட்டனவா?

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் நாடுகடத்தப்பட்ட இளவரசன் ஸூக்கோவை எடுத்துக்கொள்வோம். (2005 முதல் 2008 வரை, 61 எபிசோட். அமெரிக்கத் தயாரிப்பான அது அனிமேவா இல்லையா என்ற சண்டையில் நேரத்தைப் போக்க வேண்டாம்.) இரண்டாவது சீசன் முடிவில் பா சிங் சே நகரத்தில் பெரியப்பா ஐரோவுக்குத் துரோகம் செய்துவிட்டுத் தங்கையின் பக்கம் போகிறான். "அவ்வளவு திருந்தினவன் எப்படிடா போவான், எழுத்து சொதப்பல்" என்று மயிலாடுதுறைக்காரன் குதித்தான். சரி, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பதிமூன்று வயதில் முகத்தைச் சுட்டு விரட்டிய அப்பா தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், முதல் எபிசோடிலிருந்தே அதுதான் வேண்டும். தங்கை நீட்டுவது அதையேதான். அப்புறம் அவன் முடியைப் பாருங்கள். முதல் சீசனில் மழித்த தலையில் ஒற்றைக் குடுமி. இரண்டாவது சீசன் தொடக்கத்தில் அதை அறுத்து ஆற்றில் விடுகிறான், பிறகு முடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. துரோகம் செய்து அரண்மனைக்குப் போனதும் முடியை இழுத்துக் கட்டிக் கொண்டையில் அணி. அதை விட்டுக் கிளம்பிய பிறகு முடி மறுபடி அவிழ்ந்து கிடக்கிறது. எழுத்தாளர் வசனத்தில் சொல்லாததை வரைகிறவர் தலைமுடியில் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் ஆர்ட்டையும் எழுத்தையும் பிரிக்கவே முடியாது, பிரிக்கவும் கூடாது.

தமிழ் டப்பிங்கில் பார்த்தவரும் சப்டைட்டிலில் பார்த்தவரும் மோதினால் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானிய மொழியில் எதிரில் இருப்பவரைச் சொல்ல அனதா, கிமி, ஒமாயே, கிசாமா என்று பல சொல் உண்டு, மரியாதையும் திமிரும் அதிலேயே தெரியும். இங்கிலீஷ் சப்டைட்டிலில் எல்லாம் 'யூ'தான். மாமாவை 'நீங்க' என்றே கூப்பிட்ட பையன் ஒருநாள் 'நீ' என்றால் நம் ஊரில் பந்தியே திரும்பிப் பார்க்கும், அந்த அளவு விஷயம் காணாமல் போயிருக்கும். ஆகவே வசனத்தை வைத்துக் கேரக்டரைக் குறை சொல்லும்போது எந்த மொழியில் கேட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குரல் ஏறிவிட்டால் நாங்கள் ஒன்று செய்வோம். எதிராளி சொன்னதை நீ சொல்லிக்காட்டு, அவன் "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகு உன் பதிலைச் சொல்லு. முதல் தடவை யாருக்கும் வராது. அதுவும் போதவில்லை என்றால் டிவி சத்தத்தை மூடிவிட்டு அதே சீனை ஓட விடுங்கள், பிறகு திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மூன்றாவது சீசனில் ஸூக்கோ ராத்திரி முழுக்கப் பெரியப்பாவின் கூடாரத்தில் உட்கார்ந்திருந்து, விடிந்ததும் மன்னிப்புக் கேட்கிற சீனை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். பெரியவர் முதுகைக் காட்டியபடி இருக்கிறார், இவன் பேசி முடிப்பதற்குள் இழுத்துக் கட்டிக்கொள்கிறார். சத்தமே இல்லாமல் பார்த்தபோது மயிலாடுதுறைக்காரன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றான், கொஞ்ச நேரம் கழித்து "மறுபடி போடு" என்றான்.