ஏரிக்கரை ஊருக்குப் போகிறவர்களும் குடியேறுகிறவர்களும் செய்யும் தவறுகள்

ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மேலே தெரிகிற தண்ணீரை வைத்து ஏரியையும், ஒரு நல்ல வாரத்தை வைத்து ஊரையும் எடைபோட்டு விடுகிறார்கள்.

வெயில் காயும் நாளில் ஏரியில் இறங்கிப் பாருங்கள். மார்பளவு வரை தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். கொஞ்சம் ஆழமான இடத்துக்குப் போய்க் காலைக் கீழே விட்டால் பாதம் சில்லிடும். சூடான தண்ணீர் லேசானது என்பதால் மேலே மிதக்கிறது, கனமான குளிர்நீர் அடியில் தங்கிவிடுகிறது. ஆகவே, கரையோரத்தில் கை நனைத்துப் பார்த்துவிட்டு நடு ஏரியில் படகிலிருந்து குதிப்பது பெரிய தவறு. 15 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். அப்படி விழுந்துவிட்டால் கைகால் அடித்துப் போராட வேண்டாம். மல்லாந்து மிதந்தபடி, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை பொறுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். லைஃப் ஜாக்கெட் படகின் மூலையில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

அப்புறம் காற்று. கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று ஏமாற்றக்கூடியது. மரங்களும் மேடும் மறைப்பதால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக அலை எழும். காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கிற குழந்தை நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் வெகுதூரம் போய்விடும். சிறு படகில் போகிறவர்கள் முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்.

பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏரி தெரிந்தால் இறங்கவே வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்கும். நாயையும் விடாதீர்கள், உடம்பில் ஒட்டியதை அது நக்கிவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிக் குறையும், நஞ்சு அப்படியே இருக்கும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்தபோது, அமெரிக்காவின் டொலீடோ நகரப் பகுதியில் 4 லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லாமல் போனது. கொதிக்க வைக்காதீர்கள் என்று அப்போதும் எச்சரித்தார்கள்.

குடியேறுகிறவர்கள் செய்கிற தவறுகள் மெதுவாகத்தான் வெளியே தெரியும். எனக்கு அதிகம் வலிப்பது நாணல் விஷயம். வீட்டிலிருந்து ஏரி தெரிய வேண்டும் என்று கரையோர நாணலையும் புதரையும் வழித்துவிட்டுப் புல்தரை போடுவார்கள். அந்த நாணலின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அதன் தண்டுகளுக்கு நடுவில்தான் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்ந்தன. அது போனபின் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மண்ணைத் தின்னும், புல்லுக்குப் போட்ட உரம் மழையோடு நேரே ஏரியில் இறங்கும். அந்த உரத்தில் இருக்கும் பாஸ்பரஸ் என்ன செய்யும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் 1973-இல் கண்ணால் பார்த்தார்கள். 226 என்று எண்ணிட்ட சிறு ஏரியை ஆராய்ச்சியாளர்கள் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி பிடித்துப் பச்சையானது. பராமரிக்காத செப்டிக் டேங்கிலிருந்து கசிவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

வீடு வாங்குமுன் மழை அதிகமான பருவத்தில் ஒருமுறை, விருந்தினர் யாரும் வராத பருவத்தில் ஒருமுறை போய்த் தங்குங்கள். எந்தக் கடை திறந்திருக்கிறது, போன் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் உள்ள வயதானவர்களைக் கேளுங்கள். விற்கிறவரை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய ஈரக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, மாலையில் ஏரிமேல் காற்று குளிர்ந்திருக்கும்போது ஒலி மேலே போகாமல் தண்ணீரை ஒட்டியே வளைந்து வரும். கரையில் உட்கார்ந்து நீங்கள் பேசுவது எதிர்க்கரையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். சின்ன ஊரில் நாளைக் காலை அவரைத்தான் கடையில் பார்ப்பீர்கள்.