உப்புக்காற்றடிக்கும் கரையில் குடும்ப நினைவேடு தயாரிக்கும் முறை

எங்கள் அம்மாவின் கல்யாண ஆல்பம் பாம்பன் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் முப்பது ஆண்டுகள் இருந்தது. பக்கம் முழுவதும் பசை தடவி, மேலே கண்ணாடித்தாள் மூடி, படத்தை வைத்து அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் வகை ஆல்பம் அது. 2014இல் அதைத் திறந்தபோது பசை பழுப்பேறிக் கண்ணாடித்தாள் படங்களின் முகப்போடு ஒட்டிப்போயிருந்தது. அவசரப்பட்டு ஒரு தாளை நான் இழுத்ததில் பெரிய மாமாவின் முகம் அந்தத் தாளோடு வந்துவிட்டது. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்கென்று இருந்த நல்ல படம் அது ஒன்றுதான். அதன்பின் படித்தும், கேட்டும், செய்துபார்த்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கடைகளில் ஸ்கிராப்புக் என்று விற்பதைத்தான் நினைவேடு என்று குறிப்பிடுகிறேன்.

ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் விரிகுடாவும் இருக்கும் இராமநாதபுரம் கரையில், நினைவேட்டின் அழகைவிட உப்பைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். காற்றோடு வரும் உப்பு தாளில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் பூஞ்சை பூக்கிறது. குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருவேறித் தாளைத் தின்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் உள்ள வெள்ளி சிதைந்து, இருண்ட பகுதிகள் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்குகின்றன. புயல் வந்தால் எல்லாமே ஒரே இரவில் போய்விடும். ஆகவே நாம் செய்யும் நினைவேடு ஈரத்துக்குத் தாக்குப்பிடிப்பதாகவும், ஓர் ஆள் ஒரு கையால் தூக்கிக்கொண்டு வெளியேறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று கடலை விட்டுத் தள்ளி, வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் பெயர்கள்

பசையும் கத்தரிக்கோலும் வாங்குவதற்கு முன் படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் வீடுகளில் இதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களும் ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஒருவர் மறந்த பெயரை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாக்கியங்களே கிடைக்கும். படத்தில் தெரியும் ஒரு பொருளைத் தொட்டுக் கேட்க வேண்டும். "பெரியம்மா, இந்தச் சேலை யாருடையது?" என்று நான் கேட்டபோதுதான், கல்யாணப் படத்தில் அம்மாவின் பக்கத்தில் நின்ற மூன்று பெண்களில் இருவர் அன்று கட்டியிருந்தது இரவல் சேலை என்பதும், அதைக் கொடுத்தவர் யார் என்பதும், அந்தக் குடும்பத்துடன் பிற்பாடு பேச்சு நின்றுபோன காரணமும் தெரியவந்தன.

கேட்டதை அப்போதே படத்தின் பின்புறம் எழுதிவிடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்புறத் தாளில் 4பி போன்ற மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதலாம். பிற்காலத்து வண்ணப்படங்களின் பின்புறம் வழவழப்பாக இருப்பதால் பென்சில் ஏறாது. அதற்கு நீரில் கரையாத நிறமி மை கொண்ட மெல்லிய முனைப் பேனா வேண்டும். பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் வடுவாகத் தெரியும். "அப்பா", "சித்தி" என்று உறவுமுறையை மட்டும் எழுதாமல் முழுப்பெயரையும் ஊரையும் எழுதுங்கள். உங்களுக்குச் சித்தியாக இருப்பவர் உங்கள் பேத்திக்கு யார் என்பது அந்தச் சொல்லிலிருந்து விளங்காது.

ஆண்டு தெரியாத படத்துக்குப் பின்னணியே சாட்சி சொல்லும். பாம்பன் கடலில் சாலைப் பாலம் தெரிந்தால் அது 1988ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ எடுத்த படம். 1914இல் திறந்த ரயில் பாலம் மட்டும் தனித்து நின்றால் 1988க்கு முன் என்று கொள்ளலாம். இராமேசுவரம் நிலையத்தில் மீட்டர் கேஜ் பெட்டிகள் நின்றால் 2007க்கு முந்தையது. புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கடித உறைகளையும் இப்படிப் பார்க்கலாம்: அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டில்தான் வந்தது, இலங்கை அஞ்சல்தலையில் சிலோன் என்ற பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். இவற்றை வைத்து "1972க்கு முன்" என்று எழுதினால் போதும்; ஊகித்த ஆண்டை உறுதியானதுபோல் எழுதக் கூடாது.

தாளும் தையலும்

உள்தாள் அமிலமற்றதாக இருக்க வேண்டும். மதுரையில் ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டு, அட்டையில் "ஆசிட் ஃப்ரீ" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 200 ஜி.எஸ்.எம். கனம் இருந்தால் படத்தின் எடையைத் தாங்கும். சார்ட் பேப்பரும் செய்தித்தாளும் கூடவே கூடாது. செய்தித்தாளில் இருக்கும் மரக்கூழ்ப் பொருள் அதை மஞ்சளாக்குவதோடு, தன்னை ஒட்டியிருக்கும் படத்தையும் கறையாக்கும். செய்தித்தாள் துணுக்கு வேண்டுமென்றால் அமிலமற்ற தாளில் நகலெடுத்து அந்த நகலை வையுங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் தரும் ரசீது போன்ற வெப்ப அச்சுத் தாள்கள் சில ஆண்டுகளில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும் என்பதால் அவற்றுக்கும் இதே வழிதான்.

பக்கங்களைக் கணக்குப் பேரேடுபோல் பருத்தி நூலால் தையுங்கள். தைக்கும் ஓரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே இரண்டு செ.மீ. அகலத் தாள் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைத்தால், படங்கள் ஏறியபின் ஏடு முன்பக்கம் பருத்து வாய்பிளந்து நிற்காது. நாற்பது பக்கங்களுக்கு மேல் போகாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பொருள் அது.

படத்தின் மேல் எந்தப் பசையும் படக் கூடாது, செல்லோடேப்பும் கூடாது. தாளிலேயே மூலைப்பை செய்துகொள்ளலாம். ஒன்றரை செ.மீ. அகலமும் நான்கு செ.மீ. நீளமும் கொண்ட தாள் பட்டையின் நடுவிலிருந்து இரு முனைகளையும் கீழ்நோக்கிச் சாய்த்து மடித்தால் கூரைமுகடுபோல் ஒரு முக்கோணம் வரும். கீழே தொங்கும் மிச்சத்தை வெட்டிவிட்டுப் படத்தின் மூலையை அதனுள் நுழைத்து, பையின் முதுகை மட்டும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இதனால் எந்தப் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் பின்புறத்தைப் படிக்க முடிகிறது.

பழைய பசை ஆல்பத்திலிருந்து படங்களை எடுப்பவர்கள், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்பு மருந்துக்கடையில் விற்கும் பல்லிடுக்கு நூலைப் படத்தின் கீழ் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல அசைத்து நகர்த்துங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிய படத்தையும் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

கடலிலிருந்து வந்த பொருட்கள்

வலைத்துண்டு, தூண்டில் நூல், தொழில் பார்த்த சட்டையின் துண்டு ஆகியவை நினைவேட்டில் இருக்க வேண்டியவைதான், ஆனால் உப்போடு உள்ளே போகக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இரண்டு நாட்களாவது உப்பெடுத்து, நிழலில் முழுதாக உலர்த்துங்கள். படங்களோடு உரசாமல் தனி உறையில் வைப்பது நல்லது. சரிகைத் துண்டுக்கும் தனி உறைதான். வலையின் ஒரு கண்ணியை விரித்துத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அது எந்த மீனுக்கான வலை, யார் முடிந்தது என்று பக்கத்தில் எழுதினால், வலைத்துண்டு இல்லாமலேகூட அந்தப் பக்கம் நிறைந்துவிடும்.

பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, கடல்குதிரை ஆகியவற்றை, வீட்டில் எத்தனை காலமாகக் கிடந்தாலும், ஏட்டில் சேர்க்காதீர்கள். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

கடற்பாசி எடுக்கும் குடும்பங்களில் பாசியையே தாளில் ஏற்றிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். கரையில் ஒதுங்கிய மரிக்கொழுந்துப் பாசியிலோ கஞ்சிப்பாசியிலோ விரல் நீளத்துக்கு ஒரு கிளை போதும். மணல் போகக் கழுவி, அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி அதில் மிதக்கவிடுங்கள். கனமான தாளை அடியில் நுழைத்து, கிளைகள் கடலில் அசைவதுபோல் விரிந்திருக்கும் நேரம் பார்த்து, ஈர்க்குச்சியால் ஒதுக்கிவிட்டபடியே தாளை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லத் தூக்க வேண்டும். தண்ணீர் வடிந்தபின் மேலே பழைய வேட்டித்துணியை விரித்து, இருபுறமும் உறிஞ்சும் தாள் வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் இரண்டு நாட்கள் உறிஞ்சும் தாளைக் காலையும் மாலையும் மாற்ற வேண்டும். ஒரு வாரத்தில் துணியை உரித்தால், பாசி தன் சொந்தப் பசையிலேயே தாளோடு ஒட்டியிருக்கும். அம்மாவின் பாசிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அவர் தீவுப் பக்கம் போகும்போது பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிக்கொண்ட துணிப்பட்டைகளை உறையிலிட்டு வைத்திருக்கிறேன். ஐந்தில் இரண்டு பட்டைகளில் கறை இன்னும் போகவில்லை.

படம் இல்லாதவர்களுக்கு

பெரியம்மா பிறந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் அடித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. உடுத்திய துணியோடு வெளியேறிய குடும்பத்தில் அதற்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வெறும் தாளையும் பென்சிலையும் கொடுத்து, வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போன வழியை வரையச் சொல்லுங்கள். "எனக்கு வரைய வராது" என்பார்கள். கோடு போட்டால் போதும் என்று சொல்லுங்கள். பெரியம்மா முதலில் போட்டது கிணறு. அதிலிருந்து தொடங்கி மாதா கோவில், தபாலாபீஸ், கப்பலேறும் துறை என்று ஒரு மணி நேரம் வரைந்தார். அளவு தவறாக இருந்தாலும் நாம் திருத்தக் கூடாது; வரைந்தவரின் பெயரையும் வரைந்த தேதியையும் மட்டும் எழுத வேண்டும். அதே தெருவை இன்னொருவரும் வரைந்தால், ஒப்பிட்டு ஒன்றாக்காமல் இரண்டையும் வையுங்கள்.

கைகளையும் வரைந்து வைக்கலாம். தாளின் மேல் கையை விரிக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, தழும்பு இருக்கும் இடங்களில் குறியிட்டு, ஒவ்வொன்றும் எங்கே, எதனால் வந்தது என்று எழுதுங்கள்.

கீழக்கரைப் பக்கம் வீடுகளில் கொழும்பிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். பழையவற்றில் சில அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதியவை. அதை வாசிக்கத் தெரிந்த பெத்தம்மாவோ வேறு மூத்தவரோ இருக்கும்போதே, அவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து, தமிழ் எழுத்தில் பெயர்த்து, கடிதத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ரப்பர் பேண்டை உடனே கழற்றிவிட வேண்டும்.

வைக்கும் இடமும் நகலும்

ஒட்டும் வேலையைத் தை, மாசி மாதங்களில், வெயில் ஏறிய முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மூடிய ஏட்டுக்குள் ஈரம் சிறைப்பட்டுவிடும். முடிந்த ஏட்டை, இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் பெட்டியில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். மணிகள் பச்சையாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் நிறம் திரும்பும். பி.வி.சி. உறையும் ரசகற்பூர உருண்டையும் வேண்டாம். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல், ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கை முதலில் அங்கேதான் போகும்.

சிறிய படங்களை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, ஒரு பென்டிரைவை உள்நாட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். கடல்நீரில் நனைந்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக உலரவிட்டால் கல்லாகிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகப்பு மேலாகப் பருத்தித் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். இரண்டு நாட்களுக்குள் முடியாத அளவுக்குப் படங்கள் இருந்தால், பாலித்தீன் பைகளில் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் மீன் ஐஸ்பெட்டிகூடப் பூஞ்சையை ஓரிரு நாட்கள் தள்ளிப்போடும்.

ஏட்டின் கடைசி உறையில், யாரென்று தெரியாதவர்களின் படங்களை நகலெடுத்து வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போகும்போது அந்த உறையை மட்டும் எடுத்துப் போகிறேன். தங்கச்சிமடத்தில் ஒரு விசேஷத்தில், வத்தை என்னும் சிறு படகின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், கையூன்றி நிற்கும் ஓர் இளைஞனின் படத்தைப் பார்த்த முதியவர் ஒருவர், "இது நான்தான், தாயி" என்றார். அவரையே அதன் பின்புறத்தில் பெயரெழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். உறையில் இன்னும் பதினொரு படங்கள் இருக்கின்றன.