தோட்டத்து டவுனின் பழைய கள்ளுக்கடைகளை எழுதிவைப்பது எப்படி

அயர்லாந்தின் சிற்றூர்களில் பழைய மதுக்கடைகளை நினைவுகூர விரும்பும் முதியவர் ஒருவர், தெருவின் ஒரு முனையில் தொடங்கி, கதவுகளுக்கு மேலே எழுதியிருந்த குடும்பப் பெயர்களை வரிசையாகச் சொல்லியபடியே மறுமுனைக்கு வந்துவிடலாம். உரிமையாளரின் பெயரைக் கடைக்கு இடுவது அங்கே வழக்கம். முன்பக்கம் மளிகையும் பின்பக்கம் மதுவும் விற்ற கடைகளும் பல இருந்தன. மலேசியாவில் நம் தோட்டப்புற டவுன்களில் அந்த வழி செல்லாது. கள்ளுக்கடைக்குப் பலகை எழுதிப் பெயர் வைத்தவர் அரிது. பாலத்தடிக் கடை, ரயில் கேட்டுக் கடை என இடத்தாலோ, குத்தகைக்காரரின் பட்டப்பெயராலோதான் அது அறியப்பட்டது. ஆகவே நாம் பெயரை விட்டுவிட்டு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பெரிய தாளில் ஆறு, ரயில் பாதை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பிரட்டுக் களம் (காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் இடம்), ரப்பர் ஆலை ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, மீதியைக் காலியாக விட்டு, அத்தாளை முதியவர்முன் விரித்துவையுங்கள். லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகள் எழுந்துவிட்ட நிலத்தில், கடை எங்கே இருந்தது என்று வாயால் கேட்டால் பதில் தடுமாறும். தாளைக் காட்டினால் விரல் தானாக நகரும். தோட்டத்துக்குள் இருந்த கடையையும், டவுனில் இருந்த உரிமம் பெற்ற கடையையும் வெவ்வேறு நிறத்தில் குறியுங்கள், ஏனெனில் பேச்சில் இரண்டும் எளிதில் கலந்துவிடும். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் நம் மக்கள் வாயில் வேறொரு பெயரும் வழங்குவதுண்டு. இரண்டையும் எழுதாவிட்டால் பின்னால் பழைய ஆவணங்களில் தேடும்போது திண்டாட நேரிடும்.

ஆண்டைக் கேட்காதீர்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா, ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு செல்லாக்காசான பிறகா, 1948-இல் அவசரகாலம் வந்து முள்கம்பி வேலி போட்ட நாள்களிலா, சுதந்திரத்துக்குப் பிறகா, 1969 மே இனக் கலவரத்துக்கு முன்பா என்று கேளுங்கள். தமக்குத் திருமணமான ஆண்டே நினைவில்லாதவர்கூட, ஊரடங்கு வேளையில் கடை திறந்திருந்ததா என்பதைத் தயங்காமல் சொல்வார்.

அடுத்து வருவது தொழில். இங்கே அவசரப்படக் கூடாது. தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி, கலயத்தை மாட்டி, காலையும் மாலையும் மரமேறி இறக்கியவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேளுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும், மறுநாள் ஆனால் காடியை நோக்கிப் போய்விடும். இதை நீங்கள் அறிந்து வைத்திருந்தால், காலைக் கள்ளுக்கும் அந்திக் கள்ளுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்க முடியும். அந்தக் கேள்வி ஒன்றுக்கே அரை மணி நேரம் பதில் வரும். எந்தக் குவளையில் அளந்தார்கள், ஒரு குவளை எத்தனை காசு, தண்ணீர் கலந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வாசலில் அவித்த கடலை விற்றது யார், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்தினார்கள், லாபம் யாருக்குப் போனது என்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். டவுனில் எங்காவது பழைய தென்னைகள் ஒரு கூட்டமாக எஞ்சியிருந்தால் முதியவரை அங்கேயே அழைத்துச் சென்று, எவை கள்ளுக்கு விட்ட மரங்கள், எவை காய்க்கு விட்டவை என்று கேட்பது நல்லது.

நான் முதலில் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். கோப்பிக்கடையில் அமர்ந்து ஆண்களிடம் மட்டுமே பேசினேன். கிடைத்ததெல்லாம் பாட்டும் சிரிப்பும் கேலியும்தான். பிறகு எங்கள் வரிசையிலேயே குடியிருந்த ஒரு பாட்டி, கடையின் உள்ளே என்ன இருந்தது என்று தமக்குத் தெரியாது என்றும், சம்பள நாளன்று கைப்பிள்ளையோடு எந்தத் தூணருகே நின்று கணவருக்காகக் காத்திருந்தார் என்பது நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். அந்தத் தூண் என் வரைபடத்தில் இல்லை. அயர்லாந்தின் பழைய மதுக்கடைகளில் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் அமர்ந்து அருந்தச் சிறு தடுப்பறை இருந்தது. நம் பெண்களில் பலருக்கு வாசல்தான் இடம். அவர்களில் குடித்தவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எனவே ஒவ்வொரு கடைக்கும் உள்ளே இருந்தவர் ஒருவரையும் வெளியே நின்றவர் ஒருவரையும் கேட்டாலொழிய அந்தக் கடையை எழுதி முடித்ததாகக் கொள்ளாதீர்கள்.

கடையை எதிர்த்தவர்களின் நினைவும் இதே வரலாற்றைச் சேர்ந்ததே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் கெடாவில், பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இல் அது போலீசாருடன் மோதலாகி உயிரிழப்பில் முடிந்தது. அம்மோதல்கள் பரவிய தோட்டங்களுள் ஒன்றின் பெயர் டப்ளின் என்பது வேடிக்கையான தற்செயல். உண்மையான அயர்லாந்திலும் 1838-இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் குடிப்பதில்லை என உறுதி எடுத்தார்கள். ஆகவே உங்கள் ஊரில் மறியல் நடந்ததா, குடித்தவரைத் தோட்டத்து இளைஞர்கள் தண்டித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். தண்டிக்கப்பட்டவரின் பிள்ளைகளும் அதே தெருவில் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய ஆங்கில நாளிதழ்களும் தமிழ் முரசும் தேடக் கிடைக்கின்றன. கோலாலம்பூரில் உள்ள அர்கிப் நெகாரா என்னும் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி ஆட்சிக் காலக் கோப்புகள் இருக்கின்றன. தோட்டத்தின் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். ஆனால் முதலில் மனிதர்களிடம் செல்லுங்கள், கோப்பு காத்திருக்கும்.

திருட்டுத்தனமாகச் சம்சு என்னும் சாராயம் காய்ச்சியவர்கள், கடனுக்குக் குடித்துக் குடும்பத்தை இழந்தவர்கள் ஆகியோரின் பெயர்களைப் பதிவில் கேட்டாலும் எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். பேசத் தொடங்குமுன் ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டு, அனுமதி தந்ததையும் அதே பதிவில் இடம்பெறச் செய்யுங்கள். பதிவின் ஒரு படியை அக்குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.

தேதியைத் தேர்வதில் மட்டும் ஒரு பரிந்துரை. தோட்டத்தைவிட்டுச் சிதறிப்போனவர்கள் ஆண்டுத் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலுக்கு வந்துசேர்வார்கள். அன்று அன்னதானம் முடிந்து, தீச்சட்டி எடுத்தவர்கள் களைப்பாறிக்கொண்டிருக்கும் வேளையில், கோயில் கொட்டகையில் அந்த வரைபடத்தை விரித்து, பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.